சிலருடைய பலவீனத்துக்காக எழுப்பிய சுவர்

கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. நவம்பர் 2 அன்று கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் முன்னோரின் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்ளும். ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள், ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், அன்றைக்கு இரண்டு கல்லறைத் தோட்டங்களுக்குப் பிரிந்து போகும் ஊர்கள் தமிழகத்தில் இன்னும் இருக்கின்றன. ஊர்த் தெருவுக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று. பங்குத்தந்தை ஒன்றை மந்திரித்துவிட்டு மற்றொன்றுக்கு நடக்கிறார்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். "பழைய வழக்கம். அவசரப்பட்டால் ஊர் இரண்டாகிவிடும். மெல்ல மெல்ல மாறும்." ஊர் ஏற்கெனவே இரண்டாகத்தான் இருக்கிறது என்பது பதில் சொல்பவருக்கும் தெரியும்.

இதே பதிலைச் சொன்ன இன்னொரு திருச்சபை எங்கே போய் நின்றது என்பதைத் தென்னாப்பிரிக்க வரலாறு சொல்கிறது. அங்கே பிரித்தது நிறம், இங்கே பிரிப்பது சாதி. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பிரிவினைக்குத் திருச்சபை இடம் கொடுத்த விதம் ஒன்றேதான்.

தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழி வெள்ளையரின் முதன்மையான சபை டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை. வெள்ளையரல்லாத விசுவாசிகளோடு சேர்ந்து திருவிருந்து எடுக்கச் சில வெள்ளையர் மறுத்தார்கள். 1829-இல் கேப் பகுதியில் கூடிய அந்தச் சபையின் பேரவை தெளிவாகத் தீர்ப்பளித்தது: நிறமோ பிறப்போ பாராமல் எல்லாருக்கும் ஒன்றாகவே திருவிருந்து. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1857-இல், அதே பேரவை வழுக்கியது. ஒன்றாக வழிபடுவதே வேதத்துக்கு ஏற்றது என்று அப்போதும் ஒப்புக்கொண்டது. ஆனால் சிலருடைய பலவீனத்தால் அது நற்செய்திப் பணிக்குத் தடையாகுமானால், புதிதாக வந்தவர்கள் தனிக் கட்டடத்தில் வழிபடலாம் என்று ஒரு விதிவிலக்கைச் சேர்த்தது.

பலவீனம் யாருடையது? பக்கத்தில் உட்காரக் கூசியவருடையது. வெளியே அனுப்பப்பட்டது யார்? எந்தப் பலவீனமும் இல்லாதவர்.

அந்த விதிவிலக்கு வளர்ந்தது. 1881-இல் கலப்பினத்தாருக்கென்று தனிச் சபையே அமைத்தார்கள். பிறகு கறுப்பின மக்களுக்குத் தனிச் சபை. 1948-இல் ஆட்சியைப் பிடித்து நிறவெறியை அரசின் சட்டமாக்கிய தேசியக் கட்சியின் தலைவர் டி.எஃப். மலான், அந்தத் திருச்சபையின் முன்னாள் போதகர். இனங்களைப் பிரித்து வைப்பதற்கு வேதத்தில் ஆதாரம் தேடிக் கொடுத்தவர்களும் அதற்குள்ளிருந்தே வந்தார்கள். கோயிலில் 'சிலருக்காக' விட்டுக்கொடுத்தது, தொண்ணூறு ஆண்டுகளில் நாட்டின் சட்டமாகிவிட்டது.

அதை எதிர்த்தவர்களும் கிறிஸ்தவர்களே. வெள்ளையரான போதகர் பேயர்ஸ் நோடே 1963-இல் தன் போதகப் பதவியை இழந்தார். பின்னர் அரசின் தடை உத்தரவுக்கும் ஆளானார். 1982-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் சீர்திருத்தத் திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்பு கூடியது. உள்ளூரில் எங்களோடு திருவிருந்து எடுக்காதவர்களோடு இங்கே மட்டும் எப்படி எடுப்பது என்று தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பிரதிநிதிகள் விலகி நின்றார்கள். நிறவெறியை வேதத்தால் நியாயப்படுத்துவது விசுவாசத்துக்கே விரோதமான பேதகம் என்று கூட்டமைப்பு அறிவித்தது. அறிவித்ததோடு நிற்காமல், இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்பினர் உரிமையை நிறுத்தி வைத்தது. தனியே ஒதுக்கப்பட்டிருந்த கலப்பினச் சபை, ஒற்றுமை, ஒப்புரவு, நீதி ஆகியவற்றை முன்வைத்து பெல்ஹார் விசுவாச அறிக்கையை எழுதி 1986-இல் ஏற்றுக்கொண்டது. 1994-இல் கலப்பின, கறுப்பினச் சபைகள் ஒன்றாக இணைந்தன. வெள்ளையர் சபையோடான முழு இணைப்பு மட்டும் இழுபறியாகவே நீண்டது. பிரிப்பதற்கு ஒரு தீர்மானம் போதும். சேர்ப்பதற்குத் தலைமுறைகள் ஆகும்.

தமிழ்நாட்டுத் திருச்சபையின் கதையும் ஏறக்குறைய அதே காலத்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, முற்றாக விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சைப் பகுதியில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள், சாதியை அல்ல. தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் பெரிய பெயரான வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தின் பக்கமே நின்றார். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயிலில், வேளாளருக்கும் நாடாருக்கும் நடுவே சுவரே எழுப்பப்பட்டது. பீடத்திலிருந்து இரண்டு கிளையாகப் பிரியும், கால்சட்டை போன்ற கட்டடம். 1910-இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். எதிர்த்தவர்கள் வழக்குக்குப் போனார்கள். சுவர் திரும்ப வரவில்லை. குருவானவர் உறுதியாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது.

உறுதி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொதுப் பாதையில் சவ ஊர்வலம், சவவண்டி, கல்லறை என்று ஒவ்வொன்றிலும் தள்ளி வைக்கப்பட்ட தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் மோதல் வெடித்தது, வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. "பிரிவினை கேட்டது அவர்கள்தானே" என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டவர் தனக்கென்று ஒரு வீடு கேட்பதும், அவரை வாசலில் நிறுத்தியதும் ஒரே செயல் ஆகிவிடாது.

ஆயர்களுக்கு இது தெரியாததல்ல. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்றே சொல்கிறது. நாட்டின் சுமார் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் மிகச் சிலரே என்றும் ஒப்புக்கொள்கிறது. 2022-இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். மகிழ்ச்சிதான். ஆனால் உரோமையில் ஒருவருக்குச் சிவப்புத் தொப்பி கிடைத்ததால் ஊர்க் கல்லறையின் சுவரில் ஒரு செங்கல்லும் பெயராது.

இன்னொன்றும் உண்டு. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணையை எதிர்த்து ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகத் திருச்சபை கடைப்பிடிக்கிறது. சீக்கிய தலித்துகளுக்கு 1956-இலும், பௌத்த தலித்துகளுக்கு 1990-இலும் திறந்த கதவு, கிறிஸ்தவ தலித்துகளுக்கு இன்றும் மூடியே இருக்கிறது. மதம் பார்த்து மறுப்பது அநீதி. அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. பட்டியலில் இல்லாததால், கல்லறையில் இடம் மறுக்கப்பட்ட தலித் கிறிஸ்தவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் எட்டுவதில்லை. ஆனால் தெருவில் அரசிடம் சமத்துவம் கேட்கும் ஆயர், தன் அதிகாரத்துக்குள் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் யாருடைய அனுமதிக்குக் காத்திருக்கிறார்? அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தபோது கோயிலையும் கல்லறையையும் விலக்கி வைக்கவில்லை.

செய்ய வேண்டியவை புதியவை அல்ல. இரட்டைக் கல்லறை, இரட்டைச் சவவண்டி, சேரிக்குள் நுழையாத தேர்பவனி உள்ள பங்குகளின் பட்டியலை ஒவ்வொரு மறைமாவட்டமும் திருமண்டலமும் வெளியிட வேண்டும். இனி நடக்கும் எல்லா அடக்கமும் ஒரே தோட்டத்தில், வரிசைப்படி என்று ஆணை பிறப்பிக்க வேண்டும். நடுவில் சுவர் இருந்தால் இடிக்க வேண்டும். தலித்துகளிடம் திருவிழா வரி வாங்க மறுத்து, அவர்களை உபயத்திலிருந்து ஒதுக்கும் ஊரில் கொடியேற்றக் கூடாது. பங்குப் பேரவையிலும் நிதிக் குழுவிலும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம் கொடுக்க வேண்டும். மறுக்கும் ஊருக்குத் திருவிழாத் திருப்பலி இல்லை என்று சொல்லும் அதிகாரம் ஆயரிடம் இருக்கிறது. ஒட்டாவாவில் செய்தது அதைத்தான். கண்டனத்தோடு ஒரு விலையும் வைத்தார்கள்.

ஊர்த் தெருக் கிறிஸ்தவர்களில் இந்தப் பிரிவினையை வெறுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆயர் முதலில் நின்றால் அவர்கள் பின்னால் நிற்பார்கள். இந்த நவம்பர் 2 அன்று இரண்டு தோட்டங்களையும் தனித்தனியே மந்திரிப்பதற்கு முன்னால், ஒரே ஒரு கேள்விக்கு ஒவ்வொரு பங்குத்தந்தையும் பீடத்தில் நின்று பதில் சொல்லட்டும்: சிலருடைய பலவீனத்தை இன்னும் எத்தனை தலைமுறை தலித் பிணங்கள் சுமக்க வேண்டும்?