மீதி எங்கிருந்து வந்தது?

உரையை மட்டும் மனனம் செய்துவிட்டுக் குறுந்தொகை கற்றதாகச் சொல்லும் மாணவனை நாம் ஏற்பதில்லை. கணிதத்தில் மட்டும் அவனுக்கு முழு மதிப்பெண் தருகிறோம். பல்லுறுப்புக்கோவைகளின் வகுத்தலே இதற்குத் தக்க சான்று.

தமிழ்நாட்டின் ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் நீள் வகுத்தலும் உண்டு, தொகுமுறை வகுத்தலும் உண்டு. வகுப்பறையிலோ முன்னது சடங்காகவும் பின்னது தந்திரமாகவும் சுருங்கிவிடுகின்றன. கெழுக்களை வரிசையாக எழுது, பெருக்கு, கூட்டு. கடைசியில் நிற்பது மீதி. ஏன் என்று கேட்டால், தேர்வுக்கு இது போதும் என்கிறார்கள். போதாது என்கிறோம் நாம்.

1001ஐ 11ஆல் வகுத்தால் 91. இதை எந்தச் சிறுவனும் செய்வான். 1001 என்பது 10³ + 1. 11 என்பது 10 + 1. மாறியை 'ய' எனக் கொள்வோம். ய³ + 1ஐ ய + 1ஆல் வகுத்தால் ஈவு ய² − ய + 1. ய-வுக்குப் பத்தை இட்டால் 100 − 10 + 1, அதாவது அதே 91. ஐந்தாம் வகுப்பில் அறிந்த வகுத்தல்தான் வேறு உடையில் வந்திருக்கிறது. 1001இன் நடுவிலுள்ள இரு பூச்சியங்களை விடக்கூடாது என்று அறிந்தவன், ய³ + 1இல் இல்லாத இரு உறுப்புகளுக்கும் பூச்சியம் இட மறக்கமாட்டான்.

தந்திரத்துக்குள்ளும் காரணம் உண்டு. ய³ − 6ய² + 11ய − 5 என்பதை ((ய − 6)ய + 11)ய − 5 என மடித்து எழுதலாம். ய-வுக்கு 2 இட்டு உள்ளிருந்து வெளியே வந்தால் கிடைப்பவை −4, 3, 1. இக்கோவையை ய − 2ஆல் தொகுமுறையில் வகுத்தால், கீழ்வரிசையில் முதற்கெழுவான 1ஐ அடுத்து நிற்பவையும் இவையே. ஈவு ய² − 4ய + 3, மீதி 1. மீதித் தேற்றத்தையும் தனியே உருப்போட வேண்டியதில்லை. கோவை என்பது வகுத்தியை ஈவால் பெருக்கி மீதியைக் கூட்டியது. ய = 2 எனில் வகுத்தி பூச்சியமாகிவிடும்; மீதி மட்டுமே எஞ்சும்.

நேரமில்லை என்பார்கள். மேலே சொன்னவற்றுக்கு ஒரு கரும்பலகை போதும். மாறாக, தந்திரம் மட்டும் கற்றவன் முன் ய² + 1 என்ற வகுத்தியை வைத்துப் பாருங்கள், பேனா நின்றுவிடும்.

பாக்தாதில் பிறந்த அல்-சமவ்அல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கெழுக்களை அட்டவணையிலிட்டு வகுத்தார். நம் குறியீடுகள் அவரிடம் இல்லை. 20ய² + 30ய என்பதை 6ய² + 12ஆல் வகுக்கையில், ஈவு முடிவின்றி நீண்டது. அவர் அஞ்சவில்லை. ஒவ்வொரு கெழுவும் தனக்கு இரண்டு இடம் முந்தியதன் −2 மடங்கு என்று கண்டுகொண்டார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பதுதான் என்பர். செய்முறையை வெறும் சடங்காகப் பழகியவனுக்கு இந்த ஒழுங்கு கண்ணில் படாது.

நாம் கேட்பது பெரிதல்ல. ஈவையும் வகுத்தியையும் பெருக்கி, மீதியைக் கூட்டி, பழைய கோவை திரும்பி வருகிறதா என்று மாணவன் எழுதிப் பார்க்கும் அந்த ஒரு வரிக்கும் மதிப்பெண் கொடுங்கள். அந்த வரியை எழுதத் தெரிந்தவனே வகுத்தல் கற்றவன்.