மலைக்குப் போக முன் கேட்க வேண்டியவை

வேலையும் நாமும் - மாதப் பத்தி



தலைமைத்துவப் பயிற்சி என்ற சொல் எமக்குப் புதியதல்ல. யுத்த காலத்திலும், சுனாமிக்குப் பின்னரும், 2009க்குப் பின்னரும் எமது கிராமங்களில் நடந்த செயலமர்வுகளுக்குக் கணக்கில்லை. பொது மண்டபத்தில் பாய் விரித்து, பெரிய வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி, குழுக் குழுவாக எழுதி, மதியம் சோற்றுப் பார்சலுடன் முடிந்த பயிற்சிகள் அவை. இப்போது அவற்றில் சில வதிவிடப் பயிற்சிகளாக மாறியுள்ளன. நாம் வேலை செய்யும் அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், தொண்டு நிறுவனம் என்பன தமது ஊழியர்களை இரண்டு மூன்று நாட்களுக்கு மலையகத்துக்கு அழைத்துச் செல்கின்றன. "குடும்பத்துடனும் வரலாம்" என்று சில கடிதங்களில் எழுதியிருப்பார்கள். இம்மாதம் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுவோம்.

மட்டக்களப்புச் சகோதரிகளுக்கு மலைக்குப் போகும் வழி வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. செங்கலடிச் சந்தியில் நாம் 'பதுளை வீதி' என்று சொல்லும் அதே வீதிதான். கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பிபிலை என்று சமவெளியைக் கடந்து, பின்னர் மலையேறி லுணுகலை, பசறை வழியாகப் பதுளையைச் சேர்கிறது. யுத்த காலத்தில் இந்த வீதியின் கீழ்ப்பகுதி எமக்குச் சோதனைச் சாவடியாகவும் இடப்பெயர்வாகவுமே தெரிந்திருந்தது. அதன் மேல்முனையில் தேயிலையும் குளிரும் இருக்கின்றன என்பதை எம்மில் பலர் கண்ணால் கண்டதில்லை. ஆகவே அந்த வீதியால் ஒரு பெண் தனது வேலையின் பெயரில், தனது பெயருக்கு வந்த கடிதத்துடன் போவது சிறிய விடயமல்ல.

வதிவிடப் பயிற்சியில் நன்மை உண்டு. இரண்டு நாட்களுக்கு அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. அலுவலகத்தில் தலை நிமிர்ந்து பேசாதவர்கள் சாப்பாட்டு மேசையில் பேசுவார்கள். மேலதிகாரியும் வெளிக்கள உத்தியோகத்தரும் ஒரே வரிசையில் நின்று தேநீர் எடுப்பார்கள். நாளாந்த வேலையின் அவசரத்தில் சொல்ல முடியாத குறைகளை ஆறுதலாகச் சொல்ல நேரம் கிடைக்கும். ஆனால் இந்த நன்மை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. போக முன்னர் சில கேள்விகளைக் கேட்டால்தான் அது எமக்கும் கிடைக்கும்.

முதலாவது கேள்வி: குடும்பம் என்றால் யார்?

பதிவுப் படிவத்தில் 'கணவரின் பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கை' என்று இருக்கும். கணவனை இழந்தவர் அந்த இடத்தில் என்ன எழுதுவது? கணவர் காணாமல் ஆக்கப்பட்டு, இன்னும் பதில் தேடிக்கொண்டிருப்பவர் என்ன எழுதுவது? ஒரு கோடு போட்டுவிட்டு வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுப்பவர்களே அதிகம். எமது வீடுகளில் குடும்பம் என்பது தாய், மாமி, தங்கை, தங்கையின் பிள்ளை என்று அமைந்திருக்கிறது. கணவருக்கு ஓர் இடம் ஒதுக்கும் நிறுவனம், கணவர் இல்லாத பெண்ணின் தாய்க்கோ சகோதரிக்கோ அதே இடத்தை ஒதுக்க வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. மற்ற ஊழியருக்குக் கிடைப்பதைத்தான் கேட்கிறோம்.

இரண்டாவது கேள்வி: பிள்ளையை யார் பார்ப்பார்கள்?

குடும்பத்துடன் வரலாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு ஒழுங்கு எதுவும் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பது எமக்குத் தெரியும். ஆண்கள் மண்டபத்தில் இருப்பார்கள். பெண்கள் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறாந்தையில் நடப்பார்கள். பயிற்சி முடிந்ததும் இருவருக்கும் ஒரே சான்றிதழ் கிடைக்கும். கற்றது ஒருவர் மட்டுமே.

இதற்கு வழி தேடித் தூர நாடுகளுக்குப் போக வேண்டியதில்லை. லுணுகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலேயே இருக்கிறது. கொழுந்து பறிக்கும் தாய் வேலைக்குப் போக வேண்டுமானால் பிள்ளையைப் பார்க்க ஓரிடமும் ஓர் ஆளும் வேண்டும் என்பது தோட்டங்களில் நெடுங்காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விடயம். பிள்ளை மடுவம் என்று அதைச் சொல்வார்கள். அதன் வசதிகளில் குறைகள் இருக்கலாம். ஆனால் தாயின் வேலை நேரமும் பிள்ளையின் பராமரிப்பும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்ற எண்ணம் அதில் உண்டு. பயிற்சி நடக்கும் இடத்தில் ஓர் அறையும், சம்பளம் கொடுத்து அமர்த்திய ஒருவரும் இருந்தால் போதும். அந்த வேலையை வந்திருக்கும் ஊழியர்களில் ஒரு பெண்ணின் தலையில் கட்டக் கூடாது.

மூன்றாவது கேள்வி: பயிற்சியில் என்ன செய்யச் சொல்வார்கள்?

இதைக் கேட்க எமக்குத் தயக்கம். ஆனால் யுத்தத்தைக் கடந்த பெண்களுக்கு இது மிக முக்கியம். கண்ணைக் கட்டி மற்றவரின் கையைப் பிடித்து நடப்பது, பலூனைக் காலில் கட்டி மற்றவருடைய பலூனை உடைப்பது, கயிற்றில் ஏறுவது போன்ற விளையாட்டுகள் இப்பயிற்சிகளில் வழமை. வளவாளருக்கு அவை சிரிப்பூட்டும் விளையாட்டுகள். உடலில் இன்னும் செல் துண்டு இருப்பவருக்கும், செயற்கைக் கால் அணிந்தவருக்கும், சத்தம் கேட்டால் நெஞ்சு படபடப்பவருக்கும் அவை வேறு. "உங்கள் வாழ்க்கையை ஓர் ஆறாக வரைந்து எல்லோருக்கும் சொல்லுங்கள்" என்பது இன்னொன்று. சிலருக்கு அது மனப்பாரத்தை இறக்கும். வேறு சிலருக்கு, நாளை ஒரே அலுவலகத்தில் முகம் பார்க்க வேண்டியவர்கள் முன்னால் பிள்ளையை இழந்த கதையைச் சொல்வது புதிய காயமாகும். சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவரவர் விருப்பம். "நான் இதில் சேரவில்லை" என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு இடமளிக்காத பயிற்சி அவருக்குத் தலைமைத்துவத்தைக் கற்பிக்காது.

கட்டளையையும் தலைமைத்துவத்தையும் குழப்பிக்கொண்டதை நாம் முன்பும் கண்டிருக்கிறோம். 2011ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களுக்கு இராணுவ முகாம்களில் மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. யுத்தம் முடிந்து இரண்டு வருடங்களே ஆன வேளையில், முகாம்களில் இருந்து மீண்ட பிள்ளைகளைத் திரும்பவும் முகாமுக்கு அனுப்பிய தாய்மாரின் மனநிலையை எமது வாசகியர் அறிவார்கள்.

இடத்துக்கும் நினைவு உண்டு. பண்டாரவளைக்கு அருகில் உள்ள பிந்துனுவெவவில் 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞர்கள் 25 பேருக்கும் மேல் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தப் பகுதியில் ஓர் அழகான விடுதியில் பயிற்சி நடக்கும்போது, அங்கு வருபவர்களில் ஒரு தாய்க்கு அந்தப் பெயர் என்னவாகக் கேட்கும் என்று ஏற்பாட்டாளர்கள் யோசிக்க வேண்டும். போகக் கூடாது என்பதல்ல. முன்கூட்டியே சொல்லி, விருப்பத்தைக் கேட்க வேண்டும்.

நான்காவது கேள்வி: எந்த மாதம், எந்த நேரம், எந்த வாகனம்?

2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் மைல்கல் அருகே பள்ளத்தில் வீழ்ந்து பத்துப் பேருக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். மேலிருந்து சரிந்த பாறை வீதியின் ஒரு பக்கத்தை அடைத்திருந்த இடம் அது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா சென்று திரும்பிய பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். ஒரே அலுவலகத்தில் வேலை செய்தவர்கள், ஒன்றாகச் சிரித்துப் பாடிப் போனவர்கள். எமது பயணமும் அப்படியான பயணம்தான்.

ஆகவே பகலில் போய்ப் பகலில் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். சாரதி மலை வீதியில் பழகியவரா, முதல் நாள் இரவு தூங்கினாரா, பஸ்ஸின் பிரேக் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். ஐப்பசி முதல் தை வரை ஊவாவில் மழைக்காலம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் பதுளை மாவட்டத்தில் பல இடங்கள் சரிந்ததும் இந்த மாதங்களில்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயிற்சியைத் தள்ளிவைப்பதில் வெட்கமில்லை.

பயிற்சி உங்கள் கடமையின் ஒரு பகுதி என்று கடிதத்தில் எழுதி வாங்குங்கள். வேலையின்போது விபத்து நேர்ந்தால் நட்டஈடு கேட்க எமது நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அதில் சேர்க்கப்பட்டது. 'விருப்பமானவர்கள் சுற்றுலா வரலாம்' என்று வாய்ச்சொல்லில் போனால் பின்னர் கேட்பது கடினமாகும்.

ஐந்தாவது கேள்வி: இரவில் என்ன ஒழுங்கு?

பாசறைத் தீ மூட்டிப் பாட்டுப் பாடுவது மகிழ்ச்சியானதுதான். ஆனால் மது வந்து சேரும்போது சிலரின் நடத்தை மாறும். பெண்களுக்குத் தனி அறை, உள்ளே பூட்டக் கூடிய கதவு, அருகிலேயே மலசலகூடம், முறைப்பாட்டைக் கேட்கப் பொறுப்பான ஒரு பெண் உத்தியோகத்தர் என்பன இருக்க வேண்டும். பாலியல் தொந்தரவு 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றமாகும். சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் 2019இல் ஏற்றுக்கொண்ட 190ஆம் இலக்கச் சமவாயம், வேலை தொடர்பான பயணம், பயிற்சி, ஒன்றுகூடல் எல்லாவற்றையும் வேலைத்தளமாகவே கருதுகிறது. "அது வேலை நேரமல்லவே" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. உதவி தேவைப்பட்டால் பெண்களுக்கான 1938 என்ற தொலைபேசி இலக்கத்தை மனதில் வைத்திருங்கள்.

இன்னொரு விடயமும் உண்டு. நாம் பயிற்சிக்குப் போகும் மலையில் பெண்கள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். லுணுகலை, ஹொப்டன், அடாவத்தை, மடூல்சீமை என்று எங்கு பார்த்தாலும் கொழுந்துக் கூடையுடன் நிற்பவர்கள் பெண்களே. அவர்களை மேற்பார்வை செய்யும் கங்காணியும், கொழுந்தை நிறுத்து எழுதும் கணக்கப்பிள்ளையும், சங்கத்தின் தோட்டத் தலைவரும் பெரும்பாலும் ஆண்கள். மாதர் தலைவி என்ற பதவி சங்கங்களில் உண்டு. அவருடைய சொல் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதை அவரிடமே கேட்க வேண்டும். 1930களிலும் 1940களிலும் மீனாட்சியம்மாள் நடேசையர் தோட்டம் தோட்டமாகச் சென்று, கூட்டங்களில் பாட்டுப் பாடித் தொழிலாளரை ஒன்றுசேர்த்தார். விடுதியும் வளவாளரும் இல்லாத காலத்துத் தலைமைத்துவம் அது.

அவர்கள் எமக்கு அந்நியரும் அல்லர். 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, மட்டக்களப்புப் பகுதிகளில் குடியேறின. காந்தீயம் அமைப்பு அவர்களில் பலருக்கு நிலமும் தொழிலும் தேடிக் கொடுத்தது. பின்னர் யுத்தம் அவர்களையும் விடவில்லை. இன்று வன்னியில் குடும்பத் தலைமை தாங்கும் சகோதரிகளில் சிலருடைய அம்மம்மா பிறந்த லயம் ஊவாவில் இருக்கிறது. மூன்று நாள் நிகழ்ச்சியில் அரை நாளையாவது அயலில் உள்ள தோட்டப் பெண்களுடன் உட்கார்ந்து பேச ஒதுக்குமாறு கேளுங்கள். வேடிக்கை பார்க்கவோ படம் பிடிக்கவோ போக வேண்டாம். அவர்களுக்கு வசதியான நேரத்தில், வேலை விட்டு வந்த பின், அவர்களுடைய சம்மதத்துடன் போங்கள். சம்பளத்தை எப்படிக் கேட்டார்கள், யார் முன்னே நின்றார்கள், எங்கே தோற்றார்கள் என்ற கதைகளில் எமக்கு வேண்டிய பாடங்கள் நிறைய உண்டு.

கடைசிக் கேள்வி திரும்பி வந்த பிறகு கேட்க வேண்டியது. அலுவலகத்தில் என்ன மாறியது? கூட்டத்தில் பெண்களின் கருத்து பதியப்படுகிறதா? அடுத்த பதவி உயர்வில் பயிற்சி பெற்ற பெண்ணின் பெயர் இருக்கிறதா? ஒன்றும் மாறவில்லையென்றால், சுவரில் தொங்கும் சான்றிதழுடன் நின்றுவிடாமல், பயிற்சியின் இறுதி நாளில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு விடயத்தை எடுத்து அடுத்த மாதக் கூட்டத்தில் நினைவூட்டுங்கள். ஒரேயொரு விடயம் போதும்.

இத்தனை கேள்விகளையும் ஒருவர் தனியே கேட்டால் 'பிரச்சினைக்காரி' என்ற பெயர் வரலாம். மூன்று நான்கு பேர் சேர்ந்து, ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னரே கொடுங்கள். அப்படிச் சேர்ந்து கேட்கப் பழகுவதும் தலைமைத்துவப் பயிற்சிதான். அதற்கு மலையேற வேண்டியதில்லை. கேட்டுவிட்டுப் போனால் மலையின் குளிரையும் நிம்மதியாக அனுபவிக்கலாம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.