ரொக்கம் கொடுப்பவர் செய்த குற்றம் என்ன?

இன்றைய பதிவில் கொஞ்சம் காரம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை விமான நிலையத்துக்கு மெட்ரோ ரயில் வந்தது 2016 செப்டம்பரில். ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினால் திரிசூலம் மின்சார ரயில் நிலையம். விமானத்தை விட்டு இறங்கியவருக்கு வாசலிலேயே இரண்டு ரயில்! இதில் எனக்கும் பெருமைதான். என் சண்டை ரயிலோடு இல்லை, டிக்கெட்டோடு.

மெட்ரோவில் கைபேசி க்யூஆர் டிக்கெட்டுக்கும் பயண அட்டைக்கும் 20 சதவீதம் தள்ளுபடி. கவுன்டரில் ரூபாய் நோட்டை நீட்டினால் முழுக் கட்டணம். என்னிடம் படித்தவர்களே, ஒரு கணக்குப் போடுங்கள். 50 ரூபாய் டிக்கெட் கைபேசிக்காரருக்கு 40 ரூபாய். ரொக்கக்காரர் 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். 40-க்கு 10 என்றால் எத்தனை சதவீதம்? 25! ஒருவருக்கு 20 சதவீதச் சலுகை, இன்னொருவருக்கு 25 சதவீதத் தண்டனை. பெயர் மட்டும் தள்ளுபடி.

"விமான நிலையத்துக்குப் போகிறவருக்குப் பத்து ரூபாய் பெரிதா சார்?" என்று கேட்பீர்கள். அங்கே போகிறவர்கள் எல்லாரும் விமானம் ஏறுகிறவர்களா? தரை துடைப்பவர், பெட்டி தூக்குபவர், வளைகுடாவுக்குப் போகும் மகனை வழியனுப்ப ஊரிலிருந்து வந்த தாய், இரண்டு வருடம் கழித்துத் திரும்பி, உள்ளூர் சிம் இல்லாமல் நிற்கும் அந்த மகன், இவர்களும்தான் அந்த வாசலில் நிற்கிறார்கள்.

"அட்டை வாங்கிக்கொள்ளலாமே?" தினமும் போகிறவர் வாங்கலாம். ஒரே ஒரு நாள் வழியனுப்ப வந்தவர் அதை வாங்கி என்ன செய்வார்?

அந்த அட்டையிலாவது முழு வசதி இருக்கிறதா? 2023-ல் வந்த சிங்காரச் சென்னை அட்டை மெட்ரோவில் செல்லும், இப்போது மாநகரப் பேருந்திலும் செல்லும். நல்லது. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் திரிசூலத்தில் செல்லாது. இருக்கிற ரயில்களில் மலிவானது அதுதான்! 2025-ல் வந்த 'சென்னை ஒன்' செயலி மூன்றையும் சேர்த்தது, உண்மை. ஆனால் அதற்கும் கைபேசி வேண்டும். எல்லா வழியும் கைபேசிக்குள்தான் போய் முடிகிறது.

லண்டனைப் பாருங்கள். சுரங்க ரயிலில் 2014 முதல், சாதாரண வங்கி அட்டையையே கேட்டில் தட்டிவிட்டு உள்ளே போகலாம். ஹீத்ரோ விமான நிலையச் சுரங்க ரயிலிலும் அப்படித்தான். எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வி கிடையாது. நாள் முழுக்க எத்தனை முறை ஏறினாலும் ஒரு வரம்புக்கு மேல் பணம் பிடிக்காது. நம் அட்டையில் பணம் சில்லுக்குள்ளேயே இருக்கிறது, முன்கூட்டியே நிரப்ப வேண்டும். அங்கே அன்றைய பயணங்களைக் கூட்டிப் பிறகு வங்கிக் கணக்கில் கழிக்கிறார்கள். அவர்களும் 2014-லேயே பேருந்தில் ரொக்கத்தை நிறுத்தினார்கள். அதை நான் ஏற்கவில்லை. நல்லதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

வரிசை குறைகிறது, சில்லறைத் தொல்லை இல்லை என்பதெல்லாம் சரி. ஆனால் அந்த வசதியே மக்களை இழுக்கப் போதுமே! வரிசையில் நிற்பதே ஒரு தண்டனை. அதற்கு மேல் அபராதமும் எதற்கு?

நான் கேட்பது மூன்றுதான். ரொக்கத்துக்கும் அதே கட்டணம். திரிசூலத்திலும் அதே அட்டை. கேட்டில் எந்த வங்கி அட்டையும் செல்ல வேண்டும்.

ரயில்வேயிலும் வங்கியிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் வேலை பார்க்கும் என் மாணவர்கள் இதைப் படிப்பீர்கள். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். "காலம் மாறிவிட்டது சார்" என்று மட்டும் எழுத வேண்டாம். அது பதில் இல்லை, மதிப்பெண் கிடையாது.