பிரெஞ்சு எதிர்காலமும் தமிழ் மாணாக்கரும்

மேல்நிலை வகுப்புகளில் மொழிப்பாடமாகப் பிரெஞ்சை எடுத்துப் படிக்கும் நம் பிள்ளைகள் மதிப்பெண்ணை உத்தேசித்தே அதை எடுக்கிறார்கள் என்று சலித்துக்கொள்வது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. எக்காரணம் பற்றி எடுத்தாலும் எடுத்த பாஷையை எந்தப் பாஷையின் வாயிலாக அவர்களுக்கு ஊட்டுகிறோம் என்பதே எனக்குள்ள கவலை. தலைமுறை தலைமுறையாகத் தமிழும் பிரெஞ்சும் ஒரே தெருவில் புழங்கிய புதுச்சேரி நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும், தமிழ்ப் பிள்ளைக்குப் பிரெஞ்சு வியாகரணம் பெரும்பாலும் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்து சேர்கிறது. அதனால் விளையும் நஷ்டத்தை, ‘ஃப்யுத்யூர் ப்ரோஷ்’ என்று அவர்கள் வழங்கும் சமீப எதிர்காலம் என்ற ஒரே பிரயோகத்தைக் கொண்டு காட்டிவிடலாம்.

பிரயோகத்தின் அமைப்பு வெகு சுலபமானது. ‘போ’ என்று பொருள்படும் ‘அலே’ என்னும் வினையை எழுவாய்க்கேற்ப நிகழ்காலத்தில் நிறுத்தி, அதன்பின் நடக்கப்போகும் செயலைக் குறிக்கும் வினையை விகாரமின்றி அப்படியே வைக்கவேண்டும்; வேறொன்றும் வேண்டியதில்லை. ‘ஜெ வே மாஞ்ஜே’ என்றால் நான் சாப்பிடப் போகிறேன். ‘இல் வா ப்ளெவ்வார்’ என்றால் மழை பெய்யப் போகிறது. கற்பவன் நெட்டுருப் போடவேண்டியது ‘அலே’யின் ஆறு வடிவங்களை மட்டுமே. அவையும் சற்று முரண்டு பிடிப்பவைதாம்: ‘வே’, ‘வா’, ‘வோன்’ என்பவை லத்தீனில் ‘வாதெரே’ என்ற வினையின் சந்ததி, ‘நாம் போகிறோம்’ என்பதற்குரிய ‘அலோன்’ வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது, எதிர்காலத்தில் வரும் ‘ஜிரே’யோ ‘ஈரே’ என்ற மூன்றாவதொரு வினையின் மிச்சம். ஒரே வினைக்குள் இப்படி மூன்று வம்சங்கள் குடியிருப்பதைக் கண்டு மாணாக்கன் மிரளாமலிருக்க உபாத்தியாயர் இந்தச் சரித்திரத்தை ஒரு நிமிஷம் சொல்லிவிட்டால் போதும்.

இனி ஆங்கிலம் செய்யும் கோளாற்றைப் பார்ப்போம். ‘ஐ ஆம் கோயிங் டு ஈட்’ என்ற வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்குப் பெயர்க்கும் பிள்ளை, அங்குள்ள ‘ஆம்’ என்பதற்கு ஈடாக ‘சுயி’ என்பதையும், ‘டு’ என்பதற்கு ஈடாக ‘ஆ’ என்பதையும் தேடிக் கொண்டுவந்து நடுவே செருகி, பிரெஞ்சுக்காரர் எவரும் கேட்டிராத ஒரு வாக்கியத்தைச் சமைத்து வைக்கிறது. பிழை திருத்தும் உபாத்தியாயர் சிவப்பு மையால் இரண்டையும் அடித்துவிட்டு, காரணம் சொல்லாமல் அடுத்த தாளுக்குப் போய்விடுகிறார். தமிழிலோ ‘சாப்பிட’ என்னும் செயவெனெச்சமும் ‘போகிறேன்’ என்னும் நிகழ்கால முற்றும் ஆக இரண்டே உறுப்புகள். முன்பின்னாக மாற்றி வைத்தால் அதுவே பிரெஞ்சு. எதிர்காலத்தைச் சொல்ல நிகழ்காலத்தை ஆள்வானேன் என்று ஆங்கிலம்வழிக் கற்பவன் கேட்கக்கூடிய கேள்வி, ‘போவேன்’ என்னாது ‘போகிறேன்’ என்றே பிறந்தது முதல் சொல்லிப் பழகிய பிள்ளைக்குத் தோன்றவே தோன்றாது.

ஒற்றுமை இத்துடன் நிற்கவில்லை. எதிர்மறையில் பிரெஞ்சுக்காரர் ‘நெ’, ‘பா’ என்ற இரண்டு துணுக்குகளையும் ‘அலே’யின் இருபுறமும் நிறுத்தி, ‘ஜெ நெ வே பா மாஞ்ஜே’ என்கிறார்கள். நாமும் ‘சாப்பிடப் போவதில்லை’ என்று மறுப்பைப் ‘போ’வின்மேல்தான் ஏற்றுகிறோம், ‘சாப்பிட’வைத் தொடுவதில்லை. ‘அதை’ என்னும் செயப்படுபொருள் வந்தாலோ, ‘ஜெ வே லெ மாஞ்ஜே’ என்று அது உண்ணும் வினையை ஒட்டியே உட்காருகிறது. ‘அதைச் சாப்பிட’ என்று நமக்கும் அதே ஒட்டுதல்தான். பிரெஞ்சு கற்பவர்கள் எந்நாட்டவராயினும் இந்தப் பிரதிப்பெயரை இழுத்துக்கொண்டுபோய் ‘அலே’க்கு முன்னால் வைத்துத் தவறுவதுண்டு, தமிழ்ப் பிள்ளை அவ்வாறு தவறுமானால், தன் பாஷையை மறந்துவிட்டு யோசித்ததே அதற்குக் காரணம் என்பேன்.

நம் மொழி வழுக்கிவிடும் இடமும் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. தடுக்கி விழ இருந்து தப்பியவனை நாம் ‘விழப் போனான்’ என்று முடிந்துபோன இறந்தகாலத்தில் சொல்லிவிடுவோம். பிரெஞ்சில் இந்தத் துணைவினையை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாயின் ‘இம்பார்ஃபே’ என்னும் முடிவுறாத இறந்தகாலத்தில் ‘இல் அலே தோம்பே’ என்றுதான் சொல்லவேண்டும். முடிந்த இறந்தகாலத்தில் சொன்னாலோ, கால்களால் நடந்து ஓரிடத்துக்குப் போன செய்தியாக அது மாறிவிடும்.

‘சமீப எதிர்காலம்’ என்ற பெயரே எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. இன்னும் பல கோடி ஆண்டுகள் கழித்துச் சூரியன் அணையப் போகிறது என்பதையும் பிரெஞ்சுக்காரர் தாராளமாக இதே பிரயோகத்தில் சொல்லலாம். அதில் சமீபம் எங்கே இருக்கிறது? உண்மையான பேதம் தூரத்தைப் பற்றியதன்று. வரப்போகும் செயலுக்கு இப்பொழுதே வேர் விட்டிருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றியது. ‘எல் வா அவ்வார் அன் ஆன்ஃபான்’ என்றால் அந்த அம்மாள் கர்ப்பவதி. அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. ‘எல் ஓரா அன் ஆன்ஃபான்’ என்று, ‘போ’வின் துணையின்றி ஒரே சொல்லாக வரும் மற்ற எதிர்காலத்தில் சொன்னால், ஜோசியர் சொல்வதுபோல், அவளுக்கு என்றைக்கோ ஒரு குழந்தை பிறக்கும். ‘பிறக்கப் போகிறது’, ‘பிறக்கும்’ என்ற இரண்டையும் தமிழ்த் தாய்மார் எவரும் குழப்பிக்கொண்டதில்லை.

அந்த மற்ற எதிர்காலத்துக்கு அதற்கேயுரிய கம்பீரம் உண்டு. வாக்குறுதி, ஆணை, தீர்க்கதரிசனம் எல்லாம் அதில்தான் முழங்குகின்றன. 1916 ஏப்ரலில் வெர்தன் போர்முனையில் பிரெஞ்சுத் தளபதி பெத்தேன் தம் படையினருக்கு விடுத்த ஆணையில், பகைவரை வென்றே தீருவோம் என்று முடித்த ‘ஓன் லே ஸோரா’ அந்த எதிர்காலமே. ஆயினும் அதன் பூர்வோத்தரத்தை ஆராய்ந்தால் அதுவும் ஒரு காலத்தில் இரண்டு சொற்களாக இருந்ததுதான். பழைய லத்தீன் எதிர்காலம் தேய்ந்துபோக, ‘உண்டு’ என்று பொருள்படும் வினையைச் செயலின் பெயரோடு சேர்த்து, ‘பாட உண்டு’ என்பதுபோல் ஜனங்கள் பேசி, அந்தச் சேர்க்கை நாளடைவில் ஒட்டிக் கெட்டிப்பட்டுப் போயிற்று. அவ்வாறு ஒட்டிய வடிவத்துக்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, ஏழாம் நூற்றாண்டில் ஃப்ரெதெகார் பெயரால் வழங்கும் சரித்திர நூலில் இருக்கிறது. தோற்ற பாரசீக அரசன் நாட்டைத் தரமாட்டேன் என்றானாம். ரோமச் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் ‘தராஸ்’, அதாவது ‘தருவாய்’ என்றானாம். அதனால் அந்த இடத்து நகருக்குத் தாரா என்று பெயர் வந்ததாம். நகரைக் கட்டுவித்தவன் ஜஸ்டினியனுக்கு முற்பட்ட அனஸ்தாசியுஸ் ஆகையால் கதை வெறும் கட்டு. மொழிநூலாருக்கோ அதிலுள்ள அந்த ஒரு சொல் பொன்னுக்குச் சமானம்.

ஆகவே ‘போ’வைத் துணைக்கு அழைக்கும் பிரயோகத்தைக் கொச்சையென்று ஒதுக்கும் உபாத்தியாயர்கள், தாங்கள் போற்றும் வடிவமும் ஒரு நாள் பேச்சிலிருந்து ஏறி வந்ததுதான் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். கனடாவின் கியூபெக்கில் சம்பாஷணையில் ‘போ’ எதிர்காலமே கோலோச்சுகிறது. மறுப்பு வாக்கியங்களில் மட்டும் பழைய வடிவம் இடத்தை விடாமல் இருந்துவருகிறது. விநோதம் என்னவென்றால், பிரெஞ்சுக்குப் பக்கத்து மொழியாகிய கட்டலானில் இதே ‘போ’வும் இதே எச்சமும் சேர்ந்தால் இறந்தகாலமாகிவிடுகிறது!

பழைய எதிர்காலத்தைக் கற்பிப்பதிலும் தமிழ் கை கொடுக்கும். ‘நீ வரும்போது’ என்பதற்கு ஆங்கிலம் நிகழ்காலத்தை ஆள்வதால், அதைப் பின்பற்றும் பிள்ளை ‘கான் த்யு வியேன்’ என்று எழுதித் தவறுகிறது. பிரெஞ்சு கேட்பது ‘கான் த்யு வியேந்த்ரா’ என்ற எதிர்காலத்தை. நம் ‘வரும்’ என்பதும் எதிர்காலப் பெயரெச்சமே அல்லவா? ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும்: ‘தினமும் காலையில் காப்பி குடிப்பேன்’ என்று நாம் வழக்கத்தை எதிர்காலத்தில் சொல்வதுபோல் பிரெஞ்சில் சொல்லலாகாது, அங்கே அதற்கு நிகழ்காலமே உரியது.

சென்னை போன்ற நகரங்களின் வகுப்புகளில் எல்லாரும் தமிழ் பேசும் பிள்ளைகள் அல்லரே, ஆங்கிலத்தை விட்டால் பொதுமொழி ஏது என்று ஓர் ஆக்ஷேபம் எழக்கூடும். நியாயமான ஆக்ஷேபந்தான். ஆனால் அங்கே பக்கத்துப் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் தெலுங்குப் பிள்ளை வீட்டில் ‘சேயபோதுன்னானு’ என்கிறது, மலையாளப் பிள்ளை ‘செய்யான் போகுன்னு’ என்கிறது. இரண்டிலும் நமக்குள்ள அதே எச்சமும் அதே ‘போ’வுந்தான். ‘கர்னே ஜா ரஹா ஹூன்’ என்று சொல்லும் ஹிந்திப் பிள்ளைக்கும் எச்சமும் ‘போ’வும் சொந்தமே, கடைசியில் தொங்கும் அந்த ‘ஹூன்’ ஒன்றைப் பிரெஞ்சுக்குள் கொண்டுவராதே என்று அதனிடம் மட்டும் தனியாகச் சொல்லிவைத்தால் போதும்.