முதல் பிழையை வாசியுங்கள்

நீண்ட பதிவு. மொழியியல், வரலாறு, சமூகவியல் போன்ற துறைகளில் ஆய்வு செய்துகொண்டே கணினியோடும் மல்லுக்கட்டும் நண்பர்களுக்காக எழுதுகிறேன். நெறியாளர்களும் படித்தால் மகிழ்வேன்.

சென்ற மாதம், ஹைதராபாத்தில் எங்கள் துறையின் இளைய ஆய்வு மாணவி ஒருவர் மடிக்கணினியுடன் என் அறைக்கு வந்தார். ஆதிலாபாத் பகுதியில் பேசப்படும் கோலாமி மொழியின் வினைத்திரிபுகளை ஆய்பவர் அவர். 1990களில் சி மொழியில் எழுதப்பட்ட உருபனியல் பகுப்பாய்வுக் கருவி ஒன்றைத் தம் கணினியில் நிறுவ மூன்று வாரங்களாக முயன்று தோற்றிருந்தார். அதே கருவி துறையின் பழைய கணினியில் ஓடுகிறது. அவருடைய புதிய லினக்ஸ் மடிக்கணினியில் உருவாகவே மறுக்கிறது. திரை முழுவதும் பிழைச்செய்திகள். "அக்கா, இது எனக்கு வராது. தலைப்பையே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்" என்றார்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "முதல் பிழை என்ன சொல்கிறது?"

அவர் அதைப் பார்த்திருக்கவில்லை. பார்த்ததெல்லாம் கடைசி வரியை. 'மேக்' கட்டளை தன் தோல்வியை அறிவிக்கும் அந்த வரி, மேலே ஏதோ தவறிவிட்டது என்பதைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை. அந்த வரியைத்தான் அவர் மூன்று வாரங்களாகத் தேடுபொறியில் இட்டுத் தேடியிருந்தார். திரையை மேலே நகர்த்தி முதல் பிழைக்குப் போனோம். நிரலில் ஒரு செயற்கூறு முன்னறிவிப்பின்றிப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்று கம்பைலர் சொல்லியிருந்தது. கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருந்தன. அடுத்த சில வரிகளில், எந்த ஹெடர் கோப்பைச் சேர்த்தால் சரியாகும் என்ற குறிப்பும் இருந்தது. அந்த ஒரு வரியை நிரலின் தலைப்பில் சேர்த்ததும் பெரும்பாலான பிழைகள் மறைந்தன. எஞ்சியவையும் அதே வகை. அரை மணி நேரத்தில் கருவி ஓடியது.

ஒரு முனைவர் பட்டத் தலைப்பு கைவிடப்பட இருந்தது. அதைக் காப்பாற்றும் விடை மூன்று வாரங்களாகத் திரையிலேயே இருந்தது. களப்பதிவில் ஓர் உயிரெழுத்து குறிலா நெடிலா என்பதைக் கேட்டறிய ஒரே ஒலித்துண்டை நாற்பது முறை ஓட்டும் பொறுமைசாலி அவர். அந்தப் பொறுமை ஏன் பிழைச்செய்தியின் முன் மட்டும் கைவிட்டது? அது தமக்கு எழுதப்பட்டதன்று, 'டெக்னிக்கல்' ஆட்களுக்கு எழுதப்பட்டது என்று அவருக்கு நாம் கற்பித்திருக்கிறோம். இந்தக் கற்பிதத்தைத்தான் இப்பதிவு எதிர்க்கிறது. பிழைச்செய்தி ஒரு பனுவல். பனுவலை வாசிப்பது நம் தொழில்.

அந்தப் பிழையின் வரலாற்றைச் சற்றுப் பாருங்கள். முன்னறிவிப்பில்லாத செயற்கூறை ஏற்கும் வழக்கத்தை சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரநிலையே நீக்கிவிட்டது. ஆயினும் ஜிசிசி கம்பைலர் நெடுங்காலம் அதை எச்சரிக்கையோடு அனுமதித்துவந்தது. 2024இல் வெளியான அதன் 14ஆம் பதிப்பு முதல் அந்த எச்சரிக்கை பிழையாக மாறியது. பழைய நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதை வாசிக்கும் இலக்கணம் மாறியது. மொழி வரலாறு படித்தவர்களுக்கு இது புதிதா? ஒரு காலத்தில் வழுவமைதியாக ஏற்கப்பட்டது இன்னொரு காலத்தில் வழுவாகிறது, அவ்வளவே.

இன்னொரு செய்தியும் இதில் உண்டு. துறையின் பழைய கணினியிலும் அதே குறை 'எச்சரிக்கை' என்ற பெயரில் ஒவ்வொரு முறையும் அச்சாகியிருக்கிறது. கருவி ஓடியதால் ஒருவரும் படிக்கவில்லை. முன்னறிவிப்பு இல்லாத செயற்கூறு முழு எண்ணைத்தான் திருப்பித் தரும் என்று பழைய கம்பைலர் தானாகவே ஊகித்துக்கொள்ளும். உண்மையில் அது நினைவக முகவரியைத் தருவதாக இருந்தால், 64 பிட் கணினியில் முகவரியின் பாதி துண்டிக்கப்படக்கூடும். ஓடுகிறது என்பதும் சரியாக ஓடுகிறது என்பதும் ஒன்றல்ல. அந்தக் கணினி தந்த அட்டவணைகளை நம்பி எழுதிய எவரும் இந்த எச்சரிக்கையைத் தம் தரவின் மீதான எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும்.

'நாங்கள் பொறியியல் படித்தவர்கள் அல்லர்' என்பார்கள். நானும் படித்ததில்லை. மொழியியல் முதுகலையோடு வந்தவள். எனக்குக் கைகொடுத்தது மொழியியல்தான்.

யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் சிக்கனமாகப் பேசுபவை. கட்டளை வெற்றி பெற்றால் பெரும்பாலும் மௌனம், தோற்றால்தான் பேச்சு. ஆகவே அவை பேசும்போது கவனிப்பது நல்லது. பேச்சிலும் ஒரு படிநிலை உண்டு. கட்டளையே கிடைக்கவில்லை என்றால் அது அகராதிச் சிக்கல்: அந்தச் சொல் இல்லை, அல்லது தேடும் பாதையில் இல்லை. ஹெடர் கோப்பு கிடைக்கவில்லை என்றால் மேற்கோள் காட்டிய நூல் அலமாரியில் இல்லை. தொடரமைப்புப் பிழை என்றால் வாக்கியம் இலக்கணப்படி அமையவில்லை. இவையெல்லாம் கடந்தபின் லிங்கர் 'வரையறுக்கப்படாத சுட்டு' என்று சொன்னால், வாக்கியம் சரிதான், ஆனால் அதிலுள்ள 'அவன்' யாரைக் குறிக்கிறான் என்பது தெரியவில்லை. அந்நிலையில் ஹெடர் கோப்புகளைத் தேடி அலைவதில் பயனில்லை. பெயருக்குரிய பொருளைத் தரும் லைப்ரரி கட்டளையில் இடம்பெற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடம்பெற்றும் பிழை வந்தால் அதன் வரிசையைப் பார்க்க வேண்டும்: லைப்ரரியைக் கோரும் கோப்பு முன்னும், லைப்ரரி பின்னும் வர வேண்டும்.

எந்தப் படிநிலையின் பிழை என்று அறிவதே பாதித் தீர்வு. 'அதை ஏற்கெனவே நிறுவிவிட்டேனே, இன்னும் இல்லை என்கிறதே!' என்ற புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். டெபியன், உபுண்டு போன்றவற்றில் ஒரு லைப்ரரியை ஓட்டுவதற்கான பொதியும், அதைக்கொண்டு புதிய நிரலை உருவாக்குவதற்கான பொதியும் வெவ்வேறு. பின்னதன் பெயர் 'டெவ்' என்று முடியும், ஃபெடோராவில் 'டெவல்'. முன்னது இருந்து பின்னது இல்லாவிட்டால் ஹெடர் கோப்பு இல்லை என்ற பிழை வரும். கணினி பொய் சொல்லவில்லை. நாம் கேட்டது வேறு பொருளை.

சுவடிப்பதிப்பு பயின்றோர்க்கு இன்னும் நெருக்கமான பிழைகள் உண்டு. பிடிஎஃப் கையேட்டிலிருந்து கட்டளையை நகலெடுத்தால் இரட்டைச் சிறுகோடு ஒற்றை நெடுங்கோடாக மாறியிருக்கலாம். நேர் மேற்கோள்குறி வளைந்திருக்கலாம். விண்டோஸில் சேமித்த ஸ்கிரிப்டின் வரி முடிவுகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியெழுத்து கூடுதலாக ஒட்டியிருக்கும். லினக்ஸில் அது ஓடாது. தமிழிலேயே பாருங்கள்: 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. லினக்ஸோ கோப்புப் பெயர்களைப் பைட்டுகளாகவே ஒப்பிடும். ஆகவே, கண்ணெதிரே இருக்கும் கோப்பை 'இல்லை' என்று சொல்லும். ஏடெழுதுவோர் பிழையைக் கண்டறியும் கண் உள்ளவர்கள் இதைக் கண்டு அஞ்சலாமா?

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். ஈராண்டுகளுக்கு முன் வேறொரு நண்பர் இதேபோல் வந்தபோது, நான் அவருடைய விசைப்பலகையைப் பிடுங்கிக்கொண்டேன். பதினைந்து நிமிடம் எதையெதையோ தட்டினேன். பைத்தான் பொதியொன்றை நிறுவக் கணினி மறுத்தது. அமைப்பின் பைத்தானைக் கணினியின் பொதி மேலாண்மையே நிர்வகிக்கிறது, நீங்கள் தனிச்சூழல் ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள் என்று அது தெளிவாகச் சொன்னது. டெபியனின் 12ஆம் பதிப்பு முதல் இந்த மறுப்பு உண்டு. அதை மீற ஒரு தெரிவு இருக்கிறது. அதன் பெயரே 'அமைப்புப் பொதிகளை உடை' என்று பொருள்படும். பெயரைப் படித்துக்கொண்டே தட்டினேன். ஓடியது. நண்பர் நன்றி சொல்லிப் போனார். எனக்கும் பெருமையாக இருந்தது.

எட்டு மாதங்கள் கழித்து, ஆய்விதழின் மதிப்பீட்டாளர் ஒருவர் புதிய தரவோடு அந்தப் பகுப்பாய்வை மீண்டும் செய்து காட்டக் கேட்டார். இடையில் நண்பரின் கணினி மாறியிருந்தது. எந்தப் பதிப்பு, எந்தத் தெரிவு, எந்த வரிசை என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் நினைவில்லை. கட்டுரையிலிருந்து அந்தப் பகுதியே நீக்கப்பட்டது. உதவி என்று நான் நினைத்தது அவருடைய ஆய்விலிருந்து ஒரு படியை அவருக்கே தெரியாமல் அழித்ததாக முடிந்தது. பிறருக்குக் கணினியைச் சரிசெய்து தரும் ஒவ்வொருவரும் இதை நினைவில் கொள்ளுங்கள்: விசைப்பலகை வந்தவர் கையிலேயே இருக்கட்டும். வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். என்ன செய்தோம் என்பதை அவர் கையால் எழுதிவைக்கச் செய்யுங்கள்.

'இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே' என்பது அடுத்த வாதம். நானும் பயன்படுத்துகிறேன். கடைசி வரியை மட்டும் கொடுத்தால் அதுவும் ஊகிக்கத்தான் செய்யும். முதல் பிழையைத் தேர்ந்து கொடுக்க வாசிப்பு வேண்டும். அது தரும் கட்டளையைத் தட்டலாமா என்று முடிவு செய்யவும் வாசிப்பு வேண்டும். எல்லாக் கோப்புகளையும் எவரும் மாற்றலாம் என்று அனுமதி திறந்துவிடுவதும், எதற்கெடுத்தாலும் 'சூடோ' சேர்ப்பதும் பிழையை மறைக்கும், காரணத்தைத் தீர்க்கா. டாக்கர் போன்ற கொள்கலன்கள் ஓடும் சூழலை அப்படியே பாதுகாக்க உதவும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சூழலுக்குள் என்ன இருக்கிறது என்பதை ஆய்வாளர் அறிந்திருக்க வேண்டிய கடமையை அவை நீக்குவதில்லை.

பிழைச்செய்திகள் குற்றமற்றவை என்று நான் வாதிடவில்லை. அவை நெடுங்காலம் கரடுமுரடாகவே இருந்தன. 2007இல் திறமூலமாக வெளிவந்த கிளாங் கம்பைலர் தெளிவான செய்திகளைத் தன் குறிக்கோள்களுள் ஒன்றாகக் கொண்டது. 2013இல் ஜிசிசியும் பிழையுள்ள வரியைக் காட்டி, இடத்தை அம்புக்குறியிட்டுச் சுட்டத் தொடங்கியது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இச்செய்திகள் தாய்மொழி வழி பயின்று வந்தோர்க்குக் கூடுதல் சுமை என்பதும் உண்மை. ஆனால் அவற்றில் புழங்கும் சொற்களின் தொகை சிறிது. இருபது முப்பது தொடர்களை ஒரு பிற்பகலில் விளக்கிவிடலாம். அந்தப் பிற்பகலைத்தான் எந்தத் துறையும் ஒதுக்குவதில்லை.

முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 12 மதிப்பெண் அலகுகளுக்குப் பாடநெறி வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. மேற்கோள் காட்டும் முறைக்கும் அடிக்குறிப்பின் நிறுத்தற்குறிக்கும் அதில் நாம் பல மணி நேரம் செலவிடுகிறோம். நான் கேட்பது மூன்று. ஒன்று, பாடநெறியில் இரண்டே வகுப்புகள்: ஒரு பழைய கருவியை வேண்டுமென்றே உடைத்து, முதல் பிழையிலிருந்து வாசித்துச் சரிசெய்யும் பயிற்சி. இரண்டு, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் நிறுவல் குறிப்பு: இயங்குதளம், கம்பைலர், கருவி ஆகியவற்றின் பதிப்பெண்கள், செய்த திருத்தங்கள், எஞ்சிய எச்சரிக்கைகள். களப்பணி செய்த ஊரையும் நாளையும் எழுதுகிறோம். தரவு கடந்துவந்த கணினியை மட்டும் ஏன் மறைக்கிறோம்? மூன்று, 'அது டெக்னிக்கல் விஷயம், யாரையாவது பிடித்துச் செய்துகொள்ளுங்கள்' என்று நெறியாளர்கள் சொல்வதை நிறுத்த வேண்டும். அந்த 'யாரோ' பெரும்பாலும் இன்னோர் ஆய்வு மாணவர்; அவருக்கும் ஓர் ஆய்வேடு முடிக்க வேண்டியிருக்கிறது.

கோலாமி மாணவி தலைப்பை மாற்றவில்லை. சென்ற வாரம் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. புதிதாக ஒரு லிங்கர் பிழை. முதல் பிழையை முழுமையாக நகலெடுத்து, அதன் கீழே, 'அக்கா, இதில் பெயர் இருக்கிறது, பொருள் இல்லை என்று நினைக்கிறேன், சரியா?' என்று கேட்டிருந்தார். சரி என்று மட்டும் பதில் எழுதினேன். எந்த லைப்ரரி என்பதை அன்று மாலைக்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார்.