பாதாளத்தில் ஒரு ஜனவரி

எதிர்வீட்டு சர்தார்ஜி போன தீபாவளிக்குத்தான் தன் வீட்டு பேஸ்மென்ட்டைக் கட்டி முடித்தார். நம்மூர் கொத்தனாரிடம் 'பேஸ்மட்டம்' என்றால் தரைக்கு மேலே எழும் அடித்தளத்தைக் காட்டுவார். தில்லியில் அது தரைக்குக் கீழே பத்தடி ஆழத்தில் ஓர் அறை. மனை விலை அப்படி. உயரே போக விதிகள் விடாது, பக்கவாட்டில் போக அடுத்த வீட்டுக்காரர் விடமாட்டார். மிச்சமிருப்பது பாதாளம்தான்.

சலவைக்கல் தரை, ஃபால்ஸ் சீலிங், சுவரில் முகம் பார்க்கும் அளவுக்கு பெயின்ட். ப்ளஸ் டூ படிக்கும் மகனுக்கு அங்கேயே மேஜை, கட்டில். "கோடையில் பாருங்கள், சிம்லாதான்" என்றார் சர்தார்ஜி. கோடை வரை சிம்லா காத்திருக்கவில்லை. ஜனவரியிலேயே வந்துவிட்டது.

ஒரு மாலை பையனைப் பார்க்கக் கீழே இறங்கினேன். ரஜாய்க்குள் சுருண்டிருந்தான். காலடியில் அங்கீட்டி, அதாவது நம் பாட்டிகளின் குமுட்டி அடுப்புக்கு அண்ணன், கரி கனன்றுகொண்டிருந்தது. கதவு சாத்தி, வென்டிலேட்டரில் பழைய துணி அடைத்திருந்தது. "ரெண்டு நாளா தலைவலி அங்கிள், பரீட்சை டென்ஷன்" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதலில் பையனை மேலே அனுப்பி, கதவைத் திறந்து போட்டு, அங்கீட்டியையும் படியேற்றிய பிறகுதான் மற்ற பேச்சு.

அரைகுறையாக எரியும் கரியிலிருந்து வருவது கார்பன் மோனாக்ஸைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் என்று வரிசையாக வரும். தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மூடிய அறையில் அங்கீட்டியோடு படுத்து இறந்தவர்களின் செய்தி பத்திரிகையில் வருகிறது. பெரும்பாலும் உள்பக்கத்தில், நாலே வரியில்.

ஹீட்டர் வாங்கக் காசில்லாத வீடா என்றால் இல்லை. "எலெக்ட்ரிக் ஹீட்டர் அறையிலிருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடுமாமே" என்றார் அந்த அம்மா. மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை. அது ஆக்ஸிஜனைத் தொடுவதே இல்லை. தின்பது கரிதான். இந்தத் தலைகீழ் நம்பிக்கை தில்லியில் பல வீடுகளில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பேஸ்மென்ட் அவ்வளவு குளிர வேண்டிய இடமே இல்லை. கீழே போகப் போக மண்ணின் வெப்பம் ஊரின் ஆண்டு சராசரியை நெருங்குகிறது. தில்லிக்கு அது சுமார் 25 டிகிரி. ஜனவரி இரவில் வெளியே 7 டிகிரிக்கு இறங்கும்போது சுவருக்குப் பின்னாலிருக்கும் மண் அதைவிட வெதுவெதுப்பாகவே இருக்கும். மொகலாயர் கால ஹவேலிகளில் தெஹ்கானா என்ற நிலவறையில் கோடையைக் கழித்ததும் இதே கணக்கில்தான்.

பிறகு ஏன் பையன் நடுங்கினான்? முதல் குற்றவாளி ஈரம். புதுக் கான்கிரீட்டும் பூச்சும் மாதக் கணக்கில் தண்ணீரைக் கக்கும். மழைக்காலம் முடிந்த கையோடு பளபள பெயின்ட்டைப் பூசியதில் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டது. ஈரச் சுவர் சூட்டைச் சீக்கிரம் கடத்தும், உலரும்போது தானும் குளிரும். இரண்டாவது, சலவைக்கல். மரமும் சலவைக்கல்லும் ஒரே வெப்பத்தில் இருந்தாலும் சலவைக்கல் பாதத்தின் சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும். காஷ்மீரத்து ஹமாம் அறையில் கல் தரைக்கு அடியில் நெருப்பு ஓடுகிறது. விறகை அறைக்கு வெளியிலிருந்து இடுவார்கள். புகைக்குத் தனி வழி உண்டு. சூடு உள்ளே, நெருப்பு வெளியே. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

மூன்றாவது, வெயில். டிசம்பர் கடைசியில் தில்லியின் உச்சிச் சூரியன் தெற்கே சுமார் 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. தெற்கு வென்டிலேட்டர் வழியாக நேரே உள்ளே விழ வேண்டியது. சர்தார்ஜி வீட்டில் அதைத்தான் துணியால் அடைத்திருந்தார்கள்.

எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் ஒன்று வாங்கினார். கம்பி ஹீட்டரைவிட அதிகச் சூடு தரும் என்று கடைக்காரர் சொன்னாராம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டும் தருவது ஒரே சூடுதான். தீ பற்றும் பயம் இதில் குறைவு, அவ்வளவே. ஆனால் 2,000 வாட் என்றால் சுமார் 9 ஆம்பியர். அதை எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு 5 ஆம்பியர் பிளக்கில் செருகியிருந்தார். மறுபடி சண்டை போட்டு 15 ஆம்பியர் பிளக் வைக்கச் செய்தேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024 ஜூலை 27 அன்று ராஜேந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் பேஸ்மென்ட் நூலகத்தில் வெள்ளம் புகுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். சாமான் வைக்கவும் வண்டி நிறுத்தவும் அனுமதி பெற்ற இடம் அது. வீட்டு பேஸ்மென்ட்டிலும் யாரையும் படுக்க வைக்க விதிகள் இடம் தருவதில்லை. ஒரே படி, ஒரே கதவு. நெருப்போ, புகையோ, தண்ணீரோ, எது வந்தாலும் வழி அது ஒன்றுதான். இதைச் சொன்னபோது சர்தார்ஜி கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

இப்போது பையன் பகலில் கீழே படிக்கிறான்; தரையில் தேங்காய் நார்ப் பாய், அதன்மேல் கனத்த தரி. வென்டிலேட்டர் திறந்திருக்கிறது. கோடையில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிக்கப் போகிறார்கள். கட்டில் மேல்மாடிக்கு ஏறிவிட்டது.

அங்கீட்டி இருப்பது மொட்டை மாடியில். ஞாயிறு மாலைகளில் அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடுகிறார்கள். எலுமிச்சையும் மசாலாவும் தூவி எனக்கும் ஒரு தட்டு வந்துவிடுகிறது.