தபால்காரரை மடக்கும் கிருமி

காய்ச்சல் வந்தால் கை கால் ஏன் உளைகிறது? சுங்கைப் பட்டாணி கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கிருமி செய்கிற வேலை என்பார்கள். பாதிதான் சரி, வாசகர்களே! அந்த உளைச்சலில் ஒரு பங்கை உண்டாக்குவது நம் உடம்பேதான்.

கிருமி புகுந்த உயிரணு ஒரு பொருளைச் சுரந்து வெளியே விடுகிறது. அதன் பெயர் இண்டர்ஃபெரான். 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டுபிடித்தது. ஈரல் நோய்க்காக இதை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள் பலருக்கு, சளிக் காய்ச்சல் கண்டதுபோல உடம்பெல்லாம் வலித்தது.

லயத்தின் கோடி வீட்டில் தீப்பிடித்தால் தகரத்தைத் தட்டி அடுத்த வீட்டாரை எழுப்புவோம் அல்லவா? இண்டர்ஃபெரானின் வேலையும் அதுவே. ஆனால் அது அடுத்த உயிரணுவின் கதவைத் தட்டுவதோடு சரி. சேதியை உள்ளே கொண்டு போகும் தபால்காரர் ஸ்டாட்-1 என்ற புரதம். ஸ்டாட்-2, ஐ.ஆர்.எஃப்-9 என்ற கூட்டாளிகளோடு உயிரணுவின் கருவுக்குள் நுழைந்து, பரம்பரை ஏட்டில் வேண்டிய பக்கங்களைத் திறந்துவிடுவது இதுதான். அதன் பிறகே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொண்டு, கிருமியைப் பெருகவிடாத புரதங்களைச் செய்யத் தொடங்குகின்றன.

தபால்காரரையே வழியில் மடக்கிவிட்டால்?

அப்படி மடக்கும் கிருமி ஒன்றை நம் நாடு கண்டிருக்கிறது. 1998 இறுதியில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங், இது புதிய கிருமி என்று பிடித்தார். சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரால் அது நிப்பா ஆயிற்று. நோய் கண்டவர்கள் 265 பேர். மாண்டவர்கள் 105 பேர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள். பண்ணையை நம்பிப் பிழைத்தவர்கள் பாடு என்னவாகியிருக்கும், நினைத்துப் பாருங்கள்!

நிப்பாவின் தந்திரங்களில் ஒன்று பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் தெரிய வந்தது. அது செய்யும் 'வி' என்ற புரதம், ஸ்டாட்-1ஐயும் ஸ்டாட்-2ஐயும் கருவுக்கு வெளியிலேயே கட்டிப் போடுகிறது. தப்பி உள்ளே போனாலும் விடுவதில்லை; அங்கே மடக்க 'டபிள்யூ' என்று இன்னொரு புரதம் காத்திருக்கிறது. வெளியே தகரம் ஓயாமல் ஒலிக்கிறது. வீட்டுக்குள் யாரும் எழவில்லை!

இந்தக் கிருமி பழந்தின்னி வௌவாலின் உடம்பில் குடியிருப்பது. வௌவாலுக்கோ நோயே தெரிவதில்லை. அது கடித்துப் போட்ட பழம் பன்றிக் கொட்டடியில் விழுந்துதான் 1998இல் வினை வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. வீட்டு வாசலில் பல் பட்ட மாம்பழமோ ஜம்புவோ கிடந்தால், நறுக்கிப் பாதியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். முழுதாக எறிந்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.